பாத்து கத்துக்கிறது எப்படி, "என்னால முடியும்"ங்கிற நம்பிக்கை எங்கிருந்து வரும்: புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

புது வேலையில சேர்ந்தவங்க, நீச்சல் கத்துக்க தண்ணியில இறங்கினவங்க, தையல் மெஷின் முன்னாடி முதல் தடவையா உக்காந்தவங்க, நாலு பேர் முன்னாடி பேச வேண்டிய கட்டாயத்துல மாட்டினவங்க, யாரா இருந்தாலும் ஆரம்பத்துல ரெண்டு இடத்துலதான் சிக்குறாங்க. ஒன்னு, அடுத்தவங்க செய்றதையும் வீடியோவையும் பாத்துக்கிட்டே இருப்பாங்க, கை மட்டும் நீளவே நீளாது. இன்னொன்னு, "முதல்ல ஒரு தைரியம் வரட்டும், அப்புறம் ஆரம்பிக்கிறேன்"னு நாளைக் கடத்திக்கிட்டே போவாங்க. ரெண்டும் ஒரே வேர்ல இருந்து வர்றதுதான். நம்பிக்கை முதல்ல வரும், வேலை அப்புறம் நடக்கும்னு நாம நினைச்சுக்கிட்டு இருக்கோம், ஆனா பெரும்பாலும் நடக்கிறது தலைகீழ், சின்னச் சின்ன விஷயம் கைகூடக் கைகூடத்தான் நம்பிக்கை ஊறுது. சரியான ஆளை, சரியான விதத்துல பாத்துட்டு, சூடு ஆறுறதுக்குள்ள நாமளும் கை வச்சா இந்த ரெண்டு சிக்கலும் சேர்ந்தே அவிழும். அதைத்தான் படிப்படியா சொல்லப் போறேன்.

முதல்ல கொஞ்சம் பின்னணி, ஏன்னா இது தெரிஞ்சா மத்த படிகள் ஏன் அப்படி இருக்குன்னு புரியும்.

இந்த விஷயத்துல அதிகமா உழைச்ச ஆள் ஆல்பர்ட் பண்டூரா. கனடாவுல 1925ல பிறந்தவர், 1953ல இருந்து ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல இருந்தார், 2021ல காலமானார். அவர் காலத்துல உளவியல்ல ஓங்கி இருந்த கருத்து என்னன்னா, ஒரு செயலை செஞ்சு, அதுக்குப் பரிசோ தண்டனையோ கிடைச்சாத்தான் மனுஷன் கத்துக்கிறான்னு. பண்டூரா, டொரோதியா ராஸ், ஷீலா ராஸ் மூணு பேரும் சேர்ந்து 1961ல வெளியிட்ட ஆய்வுல 72 குழந்தைகளை வச்சுப் பாத்தாங்க. காத்தடிச்ச ஒரு பெரிய பொம்மை, போபோன்னு பேர், அதை ஒரு பெரியவர் சுத்தியலால அடிக்கிறார், மேல ஏறி உக்கார்றார், தூக்கிப் போடுறார். அதைப் பாத்த குழந்தைகளைப் பின்னாடி அதே மாதிரி பொம்மையோட விட்டப்ப, பல பேர் அந்த அடியையும், அவர் சொன்ன வார்த்தையையும் கூட அப்படியே திருப்பிப் பண்ணாங்க. யாரும் சொல்லிக் குடுக்கல, யாரும் மிட்டாய் குடுக்கல.

எனக்கு இதை விட முக்கியமாப் படுறது 1965ல அவர் பண்ண அடுத்த ஆய்வு. இந்தத் தடவை படத்தோட முடிவை மூணு விதமா காட்டினார். ஒன்னுல அடிச்சவருக்குப் பரிசு, ஒன்னுல திட்டு, ஒன்னுல எதுவுமே இல்ல. திட்டு வாங்கினதைப் பாத்த குழந்தைங்க கம்மியாத்தான் அடிச்சாங்க. சரி, அவங்க கத்துக்கலைன்னு முடிவு பண்ணலாமா? அதுக்கப்புறம் "அவர் என்ன பண்ணார்னு செஞ்சு காட்டு, ஜூஸ் தர்றேன், ஸ்டிக்கர் தர்றேன்"னு சொன்னதும் மூணு குழுவும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு செஞ்சு காட்டினாங்க. அதாவது எல்லாரும் கத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க, வெளியில காட்டாம வச்சிருந்தாங்க. உங்களுக்கும் இது பொருந்தும். பக்கத்துல உக்காந்து பாத்த வேலையில உங்களுக்குத் தெரியாமலே நிறைய உள்ள போயிருக்கும், வெளிய எடுக்க ஒரு காரணமும் ஒரு வாய்ப்பும்தான் இன்னும் வரல.

பாத்தது செயலா மாறணும்னா நாலு விஷயம் நடக்கணும்னு பண்டூரா சொன்னார்: கவனிக்கணும், மனசுல தங்கணும், உடம்பால திருப்பிச் செய்ய முடியணும், செய்யணும்னு தோணணும். இந்த நாலுல ஏதோ ஒன்னு அறுந்து போறதாலதான் "எத்தனை தடவை பாத்தாலும் வர மாட்டேங்குது"ன்னு புலம்புறோம். எது அறுந்துச்சுன்னு கண்டுபிடிச்சா பாதி வேலை முடிஞ்சுது.

படி 1: எதைக் கத்துக்கப் போறீங்கன்னு சின்னதா எழுதுங்க

"எனக்கு தன்னம்பிக்கை வேணும்"னு ஆரம்பிச்சா எங்கயும் போய்ச் சேர மாட்டீங்க. நாம இங்க பேசுற நம்பிக்கை, பண்டூரா 1977ல செல்ஃப் எஃபிகசின்னு பேர் வச்சு விளக்கினது, ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியா இருக்கிறது. கணக்குல புலியா இருக்கிறவர் மேடையில ஏறினா நடுங்குவார், மேடையில வெளுத்து வாங்குறவர் வண்டி ஓட்டச் சொன்னா பின்வாங்குவார். மொத்தமா "நான் நல்லவன், நான் மதிப்புள்ளவன்"னு நினைக்கிறது வேற, அதுவும் வேணும்தான், ஆனா அது இருந்தா மட்டும் கைக்கு வேலை வந்துடாது.

அதனால இப்படி எழுதுங்க: "மீட்டிங்ல என்கிட்ட கேள்வி கேட்டா பதறாம பதில் சொல்றது." "ரெண்டு துணியை நேர்கோட்டுல சேத்துத் தைக்கிறது." எழுதிட்டு பக்கத்துல ஒரு நம்பர் போடுங்க, 0ல இருந்து 100 வரைக்கும், பத்துப் பத்தா. இப்பவே செய்யச் சொன்னா செய்ய முடியும்னு எவ்வளவு உறுதியா தோணுது? 0ன்னா சுத்தமா முடியாது, 100ன்னா கண்டிப்பா முடியும். பண்டூராவும் இந்த மாதிரி அளவைத்தான் பயன்படுத்தினார். அடுத்து அதே வேலையை லேசில இருந்து கஷ்டம் வரைக்கும் நாலஞ்சு வரியா பிரிச்சு ஒவ்வொன்னுக்கும் நம்பர் போடுங்க. தெரிஞ்ச ஒருத்தர் கேட்டா பதில் சொல்றது 80, மேனேஜர் கேட்டா 40, தெரியாத கேள்வியை எல்லார் முன்னாடியும் கேட்டா 10, இப்படி. இந்தப் பேப்பரைத் தூக்கிப் போட்டுடாதீங்க, கடைசியில வேணும்.

படி 2: யாரைப் பாக்கப் போறீங்கன்னு தேர்ந்தெடுங்க

எல்லாரும் சறுக்குற இடம் இதுன்னு நான் அடிச்சுச் சொல்வேன். கத்துக்கணும்னு தோணினதும் நாம தேடுறது அந்தத் துறையில இருக்கிற பெரிய கில்லாடியை. அவங்க செய்றதைப் பாத்தா வாய் பிளக்கும், ஆசை வரும், கூடவே "இதெல்லாம் நமக்கு எங்க"ங்கிற எண்ணமும் வந்துடும். அடுத்தவங்க ஜெயிக்கிறதைப் பாத்தா நமக்கு நம்பிக்கை கூடும்ங்கிறது உண்மைதான், ஆனா அந்த அடுத்தவங்க நம்மள மாதிரி இருக்காங்கன்னு நமக்குத் தோணணும். தோணலன்னா அவங்க ஜெயிச்சது நம்ம கணக்குல சேராது.

2000ல கிட்சான்டஸ், ஸிம்மர்மேன், க்ளியரின்னு மூணு பேர் டார்ட்ஸ், அதாவது பலகையில இருக்கிற குறியைப் பாத்து சின்ன அம்பு எறியுற விளையாட்டு, கத்துக்கிற பள்ளி மாணவிகளை வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. ஒரு குழுவுக்கு ஆரம்பத்துல இருந்தே பிசிறில்லாம எறியுற ஒருத்தரைக் காட்டினாங்க. இன்னொரு குழுவுக்கு முதல்ல தப்பா எறிஞ்சு, எங்க தப்புன்னு பாத்து, கொஞ்சம் கொஞ்சமா திருத்திக்கிட்டு வர்ற ஒருத்தரைக் காட்டினாங்க. ரெண்டாவது குழுதான் நல்லா எறிஞ்சாங்க, அவங்களுக்குத்தான் "என்னால முடியும்"ங்கிறதும் அதிகமா இருந்துச்சு. டேல் ஷங்க் அப்படிங்கிற ஆய்வாளர் கணக்குல தடுமாறுற குழந்தைகளை வச்சுப் பாத்தப்பவும், டீச்சர் போட்டுக் காட்டுறதை விட தங்களோட வயசுல ஒரு குழந்தை போடுறதைப் பாத்தப்பதான் அவங்களுக்கு நம்பிக்கை கூடுச்சு.

ஏன்னு யோசிச்சா புரியும். பிசிறே இல்லாத ஆள்கிட்ட நீங்க பாக்கிறது முடிவை மட்டும்தான், தப்பு வந்தா என்ன பண்றதுன்னு அவங்க காட்டுறதே இல்ல, ஏன்னா அவங்களுக்குத் தப்பு வர்றதில்ல. நீங்க செய்யும்போது முதல் நிமிஷத்துலயே தப்பு வரும், அந்த நேரத்துக்கு உங்க ஞாபகத்துல ஒரு மாதிரி கூட இருக்காது. திருத்திக்கிட்டே போறவங்களைப் பாத்திருந்தா, தப்பு வர்றதும் அந்த வேலையோட ஒரு பகுதிதான்னு மனசு ஏத்துக்கும், அடுத்து என்ன செய்யணும்னும் தெரியும்.

அதனால உங்களுக்கு ஒரு படி, மிஞ்சிப் போனா ரெண்டு படி முன்னாடி இருக்கிறவங்களைத் தேடுங்க. சமீபத்துலதான் கத்துக்கிட்டவங்க, இன்னும் அங்கங்க யோசிச்சு செய்றவங்க. அவங்க "இங்கதான் நானும் திணறினேன்"னு காட்டுவாங்க. கில்லாடியை விட்டுடணும்னு சொல்லல, எங்க போய்ச் சேரணும்னு தெரிய அவங்களையும் அப்பப்ப பாருங்க, ஆனா தினசரி பாடத்துக்குப் பக்கத்துல இருக்கிற ஆள்தான் சரி. முடிஞ்சா ஒருத்தரோட நிறுத்தாம ரெண்டு மூணு பேரைப் பாருங்க. எல்லாரும் பொதுவா செய்றது எதுவோ அதுதான் வேலையோட எலும்பு, ஒவ்வொருத்தரும் வேற வேற மாதிரி செய்றது அவங்கவங்க பழக்கம்.

படி 3: கேள்வியோட பாருங்க

சும்மா பாத்தா கண்ணு பளபளப்பா இருக்கிற இடத்துக்குத்தான் போகும். தையல் மெஷினை எடுத்துக்கோங்க. புதுசா பாக்கிறவங்க எல்லாரும் ஊசியைத்தான் பாப்பாங்க, அதுதானே மேலயும் கீழயும் துள்ளுது. ஆனா பழகின கை இருக்கிறவரோட கண்ணைப் பாருங்க, ஊசி மேல இருக்காது. ஊசிக்குப் பக்கத்துல உலோகத் தட்டுல கோடு போட்டிருக்கும், துணியோட விளிம்பு அந்தக் கோட்டை ஒட்டிப் போகுதான்னு பாத்துக்கிட்டு இருப்பார். கை துணியை இழுக்காது, அடியில இருக்கிற பல்லு துணியைத் தானா நகர்த்தும், கை திசை மட்டும்தான் காட்டும். மூலை வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியே காலோட அழுத்தம் குறையும். மூலையில ஊசியைத் துணிக்குள்ள இறக்கி வச்சுக்கிட்டு, துணியை அழுத்திப் பிடிச்சிருக்கிற மெஷினோட பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்பி, பாதத்தை இறக்கி, திரும்பவும் ஓட்டுவார். இவ்வளவும் சில நொடியில முடிஞ்சிடும். ஊசியையே பாத்துக்கிட்டு இருந்தவங்களுக்கு இதுல ஒன்னுமே தெரிஞ்சிருக்காது, வீட்டுல வந்து உக்காந்தா கோடு கோணலாத்தான் போகும்.

நீச்சலும் அப்படித்தான். கை எப்படி வீசுறாங்க, கால் எப்படி அடிக்கிறாங்கன்னு பாப்போம். ஆனா புதுசா நீந்துறவங்களுக்குப் பெரும்பாலும் மூச்சு முட்டுறது, முகம் தண்ணிக்குள்ள இருக்கும்போதே மூச்சை வெளிய விடாம அடக்கி வச்சுக்கிறதாலதான். நல்லா நீந்துறவங்க தண்ணிக்குள்ளயே குமிழ் குமிழா விட்டுடுவாங்க, தலையைத் திருப்பும்போது உள்ள இழுக்கிற வேலை மட்டும்தான் பாக்கி. அந்தக் குமிழைப் பாக்கணும்னு யாராவது சொன்னாத்தான் கண்ணுக்கே தெரியும்.

அதனால பாக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி வச்சுக்கோங்க. "கண்ணு எங்க இருக்கு?" அடுத்த தடவை, "எப்ப வேகத்தைக் குறைக்கிறார்?" அதுக்கடுத்து, "தப்பாப் போச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறார்?" மீட்டிங்ல நல்லா பதில் சொல்ற ஒருத்தரைக் கவனிச்சுப் பாருங்க, அவர் என்ன சொல்றார்ங்கிறதை விட, கேள்வி வந்ததுக்கும் அவர் வாயைத் திறக்கிறதுக்கும் நடுவுல என்ன நடக்குதுன்னு பாருங்க. பல பேர் ஒரு ரெண்டு நொடி சும்மா இருப்பாங்க, கேள்வியைத் தன் வார்த்தையில ஒரு தடவை திருப்பிச் சொல்வாங்க, அதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு நிறுத்திடுவாங்க. நீங்க எடுத்துக்க வேண்டியது அதைத்தான்.

இன்னொரு விஷயம், "இது எதுக்கு?"ன்னு கேக்கப் பழகிக்கோங்க. 2005ல விக்டோரியா ஹார்னரும் ஆண்ட்ரூ வைட்டனும் ஒரு பெட்டியில இருந்து பரிசை எடுக்கிறதை சிம்பன்சிகளுக்கும் 3, 4 வயசு குழந்தைகளுக்கும் காட்டினாங்க, நடுவுல தேவையே இல்லாத சில செய்கையையும் சேத்து. பெட்டி கண்ணாடி மாதிரி உள்ள தெரியுறதா இருந்தப்ப, சிம்பன்சிகள் தேவையில்லாததைப் பெரும்பாலும் விட்டுட்டு நேரா பரிசை எடுத்துச்சு. குழந்தைங்க அதையும் சேத்தே செஞ்சாங்க. இது நம்ம இயல்பு, இதனாலதான் காரணம் தெரியாத விஷயத்தையும் தலைமுறை தலைமுறையா நம்மால கடத்த முடியுது, ஆனா அடுத்தவரோட வேண்டாத பழக்கமும் இதே வழியிலதான் நம்மகிட்ட ஒட்டிக்குது. முதல்ல அப்படியே செய்ங்க, தப்பில்ல. கொஞ்சம் கை வந்ததும் அவங்ககிட்டயே கேளுங்க, "இதை விட்டுட்டா என்ன ஆகும்?"

படி 4: பாத்ததுக்குப் பேர் வைங்க

பாத்து முடிச்ச உடனே கண்ணை மூடி அதை மனசுல ஓட்டுங்க, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சின்னப் பேர் குடுங்க. "ஊசி கீழ, பாதம் மேல, திருப்பு, பாதம் கீழ." அவ்வளவுதான். வார்த்தையா மாத்தி வச்சா மனசுல தங்கும், செய்யும்போது வாய்க்குள்ள சொல்லிக்கிட்டே செய்யலாம். எந்தக் கட்டத்துக்குப் பேர் வைக்க வரலையோ அதை நீங்க சரியா பாக்கலைன்னு அர்த்தம், திரும்பப் போய் அதை மட்டும் பாருங்க.

படி 5: போதும்னு தோணுறதுக்கு முன்னாடியே நிறுத்திட்டு கை வைங்க

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்லணும், ஏன்னா இப்ப எல்லார் கையிலயும் போன் இருக்கு, எதைக் கத்துக்கணும்னாலும் ஆயிரம் வீடியோ இருக்கு. மைக்கேல் கர்டாஸும் எட் ஓ'ப்ரையனும் 2018ல வெளியிட்ட ஆய்வுகள் இதைப் பத்தினதுதான். டார்ட்ஸ் எறியுற ஒரு வீடியோவைச் சில பேர் ஒரே தடவை பாத்தாங்க, சில பேர் 20 தடவை பாத்தாங்க. 20 தடவை பாத்தவங்க, நாம இன்னும் நல்லா எறிவோம்னு நம்பினாங்க. எறிய வச்சா ரெண்டு குழுவுக்கும் வித்தியாசமே இல்ல. நம்பிக்கை மட்டும் ஏறிடுச்சு, திறமை நகரவே இல்ல.

இது ஏன் ஆபத்துன்னா, இந்த மாதிரி வர்ற நம்பிக்கை முதல் முயற்சியிலயே உடைஞ்சிடும், உடையும்போது "அவ்வளவு பாத்தும் வரல, அப்ப எனக்கு இது வராது"ங்கிற முடிவுக்குத் தள்ளிடும். பாத்ததால மட்டும் வந்த துணிச்சலை நம்பிக்கையோட கணக்குல எழுதவே எழுதாதீங்க. அதே ஆய்வுல இன்னொன்னு பாத்தாங்க: ஜக்ளிங் (பல பொருளை மாத்தி மாத்தி மேல எறிஞ்சு பிடிக்கிற வித்தை) வீடியோ பாத்தவங்க, அதுக்குப் பயன்படுத்துற கட்டைகளைக் கையில சும்மா பிடிச்சுப் பாத்ததுமே அந்த அதீத நம்பிக்கை இறங்கிடுச்சு. எடை, பிடி, வழுக்கல், இதெல்லாம் கண்ணால வராது.

ஆகவே என் யோசனை இது. ஒரு தடவை முழுசா பாருங்க. ரெண்டாவது தடவை கேள்வியோட பாருங்க. உடனே வீடியோவை நிறுத்திட்டு கருவியைக் கையில எடுங்க, முழுசா கூட செய்ய வேண்டாம், முதல் கட்டத்தை மட்டும் செய்ங்க. எங்க முட்டுதோ அந்த இடத்தைக் குறிச்சுக்கிட்டு மூணாவது தடவை பாருங்க. இப்ப பாக்கிறது வேற மாதிரி இருக்கும், உங்க கை கேக்கிற கேள்விக்கு உங்க கண்ணு பதில் தேடும். நாலஞ்சு தடவை தொடர்ச்சியா பாத்துட்டு அப்புறம் மொத்தமா ஆரம்பிக்கிறதை விட, பாரு, செய், பாரு, செய்னு மாத்தி மாத்தி போறது எவ்வளவோ மேல்.

படி 6: கஷ்டத்தைத் துண்டு போடுங்க, பிடிமானம் வச்சுக்கிட்டு இறங்குங்க

நம்பிக்கைக்கு நாலு ஊத்துன்னு பண்டூரா சொன்னார். நாமளே செஞ்சு ஜெயிச்சது, நம்மள மாதிரி ஒருத்தர் ஜெயிக்கிறதைப் பாத்தது, அடுத்தவங்க சொல்ற தெம்பு வார்த்தை, நம்ம உடம்பும் மனசும் அந்த நேரத்துல இருக்கிற நிலை. இதுல முதல் ஊத்துக்குத்தான் வலு அதிகம். அதனால முதல் சில முயற்சிகள் ஜெயிக்கிற மாதிரி நீங்களே அமைச்சுக்கணும்.

பண்டூராவும் ஷங்க்கும் 1981ல கழித்தல் கணக்குல பின்தங்கின குழந்தைகளுக்கு 42 பக்கம் பயிற்சி குடுத்தாங்க, ஏழு வகுப்புல முடிக்கணும். ஒரு குழுகிட்ட "ஒரு வகுப்புக்கு 6 பக்கம்"னு சொன்னாங்க, இன்னொரு குழுகிட்ட "கடைசியில 42 பக்கம்"னு சொன்னாங்க. கணக்குப் பாத்தா ரெண்டும் ஒன்னுதான். ஆனா 6 பக்கம் 6 பக்கமா போன குழந்தைங்கதான் கணக்குலயும் முன்னேறினாங்க, தன்னால முடியும்ங்கிறதுலயும் முன்னேறினாங்க, யாரும் சொல்லாமலே கணக்கு போடுற ஆர்வமும் அவங்களுக்குத்தான் அதிகமா வந்துச்சு. ஒவ்வொரு நாளும் "முடிச்சுட்டேன்"னு சொல்ல ஏதோ ஒன்னு இருந்துச்சு இல்லையா, அதுதான்.

பிடிமானம்னு சொன்னேன்ல, அதுக்கு 1969ல பிளாஞ்சர்டு, ரிட்டர் ரெண்டு பேரோட சேர்ந்து பண்டூரா பண்ண பாம்பு பயம் பத்தின ஆய்வைச் சொல்லணும். பாம்புன்னா அலறுற ஆளுங்க. முதல்ல இன்னொருத்தர் பாம்பைக் கையாள்றதைப் பாத்தாங்க. அப்புறம் அவர் பாம்பைப் பிடிச்சிருக்க, இவங்க கையுறை போட்டுக்கிட்டு தொட்டாங்க, பிறகு வெறுங்கையால. பயம் குறையக் குறைய உதவி செய்றவர் கொஞ்சம் கொஞ்சமா விலகிக்கிட்டார், கடைசியில அவங்களே தனியா. படத்தை மட்டும் பாத்தவங்களுக்கும் பலன் இருந்துச்சு, ஆனா பாத்து, கூடவே செஞ்சவங்கள்ல கிட்டத்தட்ட எல்லாருக்கும் பயம் விலகிடுச்சு.

உங்க வேலையில கையுறை எதுன்னு யோசிங்க. பேசப் பயம்னா, முதல் தடவை குறிப்பைக் கையில வச்சுக்கிட்டு பேசுங்க, தெரிஞ்ச நண்பர் ஒருத்தர் முன் வரிசையில இருக்கட்டும். கம்ப்யூட்டர் கோட் எழுதக் கத்துக்கிறீங்கன்னா வேலை செய்ற ஒரு புரோகிராமை எடுத்து ஒரே ஒரு வரியை மாத்திப் பாருங்க. தையலுக்குத் துணியில சாக்பீஸ் கோடு. ஆனா அந்தப் பிடிமானத்தை ஒவ்வொன்னா எடுத்துடணும், அதுக்கு முன்கூட்டியே நாள் குறிச்சுக்கோங்க. எடுக்காம விட்டா, ஜெயிச்சதெல்லாம் அந்தப் பிடிமானத்தோட கணக்குல போயிடும், "குறிப்பு இருந்துச்சு, அதனால பேசினேன்"னு மனசு சொல்லிடும். தனியா ஒரு தடவை செஞ்சாத்தான் அது உங்க பேர்ல எழுதப்படும்.

படி 7: யார் பேச்சைக் கேக்கணும்

"நீ கலக்கிடுவ"ன்னு சொல்றவங்க நல்ல எண்ணத்துலதான் சொல்றாங்க, கேக்க சந்தோஷமாவும் இருக்கும், ஆனா அதோட ஆயுள் அடுத்த தோல்வி வரைக்கும்தான். உங்க வேலையை உக்காந்து பாத்துட்டு "போன தடவை இந்த இடத்துல அவசரப்பட்ட, இந்தத் தடவை நிதானமா வந்துட்ட"ன்னு சொல்றவங்க ஒருத்தர் இருந்தா அவங்களை விடாதீங்க. குழந்தைகளை "நீ புத்திசாலி"ன்னு பாராட்டினா, அடுத்து ஒரு கஷ்டமான கணக்குல தோத்ததும் சீக்கிரம் விட்டுடுறாங்க, "நல்லா முயற்சி பண்ண"ன்னு பாராட்டினா விடாம உக்கார்றாங்கன்னு முல்லரும் ட்வெக்கும் 1998லயே காட்டினாங்க. பெரியவங்களுக்கும் இது பெருசா மாறாதுன்னுதான் நான் நினைக்கிறேன். எப்பவும் மட்டம் தட்டுறவங்களைப் பத்தி ஒரே வார்த்தை: கத்துக்கிற காலத்துல அவங்க முன்னாடி பயிற்சி பண்ணாதீங்க. நம்பிக்கையைக் கட்டுறதை விட உடைக்கிறது ரொம்ப சுலபம்.

படி 8: படபடப்பை என்ன பண்றது

நெஞ்சு அடிக்குது, கை வேர்க்குது, உடனே மனசு "பாத்தியா, உனக்கு வராதுன்னு உடம்பே சொல்லுது"ன்னு ஆரம்பிக்கும். உடம்பு அப்படி எதுவும் சொல்லல, தயாராகுது அவ்வளவுதான். அலிசன் வுட் ப்ரூக்ஸ் 2014ல வெளியிட்ட ஆய்வுல, பாட்டு, பேச்சு, கணக்குன்னு பயமுறுத்துற வேலைக்கு முன்னாடி சில பேரை "நான் ஆர்வமா இருக்கேன்"னு சத்தமா சொல்லச் சொன்னாங்க. அமைதிப்படுத்திக்க முயற்சி பண்ணவங்களை விட அவங்க நல்லா செஞ்சாங்க. அடிக்கிற நெஞ்சை அடக்குறது கஷ்டம், அதுக்கு வேற பேர் குடுக்கிறது லேசு. அதே நேரம், சரியா தூங்காத நாள்லயும், காய்ச்சல் அடிக்கிற நாள்லயும் செஞ்சு பாத்துட்டு உங்க திறமையைப் பத்தி முடிவு கட்டாதீங்க.

படி 9: உங்களையே பாருங்க

பக்கத்துல பாத்துக்க யாருமே இல்லையா? நீங்களே இருக்கீங்க. செய்றதை போன்ல வீடியோ எடுங்க, அதுல நல்லா வந்த பகுதியை மட்டும் வெட்டித் தனியா வச்சுக்கோங்க, அடுத்த பயிற்சிக்கு முன்னாடி அதைப் போட்டுப் பாருங்க. பீட்டர் டவுரிக் மாதிரி ஆய்வாளர்கள் குழந்தைகளுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் இந்த முறையை ரொம்ப காலமா பயன்படுத்திட்டு வர்றாங்க. உங்களை மாதிரியே இருக்கிற ஆள்னா உங்களை விட யார் இருக்க முடியும்? தப்பு வந்த பகுதியையும் பாக்கலாம், ஆனா அதைத் திருத்த உக்கார்ற நேரத்துல மட்டும், நாளைக்குப் பெரிய வேலை இருக்குங்கிறப்ப ராத்திரி உக்காந்து அதைப் பாக்க வேண்டாம்.

படி 10: பழைய பேப்பரை எடுங்க

கொஞ்ச வாரம் போனதும் படி 1ல எழுதின பேப்பரை எடுத்து, பழைய நம்பரை மறைச்சுட்டு புதுசா நம்பர் போடுங்க. அப்புறம் ரெண்டையும் பக்கத்துல வச்சு, கூடவே உங்க வேலையையும் வச்சுப் பாருங்க. அன்னிக்கு தைச்ச துணி, இன்னிக்கு தைச்ச துணி. அன்னிக்கு பேசின பதிவு, இன்னிக்கு பேசினது.

நம்பரும் ஏறி, வேலையும் தேறியிருந்தா அடுத்த வரிக்குப் போங்க. நம்பர் ஏறியிருக்கு, வேலை அப்படியே இருக்குன்னா நீங்க பாக்கிறதுல நேரம் போக்குறீங்க, செய்றது போதலை, படி 5க்குத் திரும்புங்க. ரெண்டுமே நகரலைன்னா துண்டு பெருசா இருக்கு, இல்ல பாக்கிற ஆள் உங்களுக்கு ரொம்பத் தூரத்துல இருக்கார், ரெண்டுல ஒன்னை மாத்துங்க.

நாலாவது நிலை ஒன்னு இருக்கு, அதுதான் எனக்கு மனசு கேக்காதது. வேலை நல்லா தேறியிருக்கும், பாக்கிறவங்க எல்லாருக்கும் தெரியும், ஆனா நம்பர் மட்டும் அதே 30லயே நிக்கும். கேட்டா "அன்னிக்கு துணி நல்ல துணி", "கேள்வி லேசான கேள்வி", "ஏதோ அதிர்ஷ்டம்"னு சொல்வாங்க. திறமையான எத்தனையோ பேர் இப்படித்தான் அடுத்த வாய்ப்பைக் கையில வாங்காம திருப்பிக் குடுக்கிறாங்க. நீங்க அந்த நிலையில இருந்தா இன்னும் அதிகமா பயிற்சி பண்றது உதவாது. உங்க வேலையைத் தொடர்ந்து பாத்துட்டு வர்ற ஒருத்தர் முன்னாடி உக்காந்து, கடைசியா நல்லா வந்த ஒரு வேலையை எடுத்து, ஆரம்பத்துல இருந்து ஒவ்வொரு கட்டமா சொல்லுங்க: இங்க கோணலாச்சு, பிரிச்சேன், திரும்பத் தைச்சேன், மூலையில வேகத்தைக் குறைச்சேன். எந்தெந்தக் கட்டத்துல முடிவு எடுத்தது நீங்கன்னு அவங்களை எண்ணச் சொல்லுங்க. எண்ணி முடிச்சதும், அவங்க முன்னாடியே அந்த வரிக்குத் திரும்ப ஒரு நம்பர் போடுங்க.